கியூபாவின் முழுச்சாப்பாடு

நியூயார்க் நகரில் பிராட்வேயும் 78ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் 1968 முதல் 2020 வரை ஓர் உணவகம் நடந்துவந்தது. பெயர் லா கரிதாத் 78. டாக்சி ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவசரமாகச் சாப்பிட்டுப் போகும் கடை அது. நடத்தியவர்கள் சீனர்கள்; ஆனால் வாடிக்கையாளரிடம் ஸ்பானிஷ் பேசினார்கள். ஒரே தட்டில் சீனப் பாணியில் வறுத்த சோறும் கியூபப் பாணியில் பொரித்த வாழைப்பழமும் சேர்ந்து வரும். கடையின் பெயர் கியூபாவின் காவல் அன்னையாகிய கரிதாத் மாதாவினுடையது. அந்தப் பகுதியின் மற்ற உணவகங்களோடு பார்த்தால் விலை மிகக் குறைவு.

இதைக் கியூப உணவகம் என்று ஒப்புக்கொள்ளலாமா? கலப்புச் சமையல் என்று ஒதுக்கிவிட்டு, அசலை வேறெங்கோ தேடிப் போகிறவர்கள் உண்டு. நான் அதற்கு நேர் எதிரான கருத்துடையவன். கியூபாவின் அசல் சாப்பாடு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியுமானால், அது இத்தகைய மலிவான கடைகளில்தான் இருக்கிறது. அடிமைகளுக்கு அளந்து போட்ட படியிலிருந்து பிறந்து, கூலிகளாக வந்தவர்கள் நடத்திய கடைகளில் வளர்ந்த சாப்பாடு அது. அதன் மலிவை விலைப் பட்டியலோடு மட்டும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. வரலாற்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசு 1842இல் அடிமைகளை நடத்துவதற்கான ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் உணவுக்கும் அளவு குறித்திருந்தார்கள். ஓர் அடிமைக்கு நாளொன்றுக்கு ஆறு அல்லது எட்டு வாழைக்காய், அல்லது அதற்கு ஈடாகச் சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற கிழங்குகள். 8 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 230 கிராம், இறைச்சி அல்லது உப்பிட்ட மீன். 4 அவுன்ஸ் அரிசி அல்லது வேறு மாவு. இறைச்சி என்பது பெரும்பாலும் தசாஹோ: அர்ஜென்டினா, உருகுவே பக்கத்திலிருந்து கப்பலில் வந்த உப்புக்கண்டம். கரும்புத் தோட்ட முதலாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில், ஒரு மனிதனைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெட்டவும் சுமக்கவும் வைக்கப் போதுமான தீனி எவ்வளவு என்று போட்ட கணக்கு அது. காகிதத்தில் இருந்த அளவு தோட்டத்தில் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

இன்று மயாமியிலோ ஹவானாவிலோ ஒரு சாதாரணக் கடையில் மதியச் சாப்பாடு கேட்டுப் பாருங்கள். சோறு, கொஞ்சம் இறைச்சி, வாழைக்காய் அல்லது மரவள்ளிக்கிழங்கு, இவற்றோடு பீன்ஸ். பீன்ஸை மட்டும் விலக்கிவிட்டால், தட்டில் மிஞ்சுவது 1842இன் விதி. 19ஆம் நூற்றாண்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கியூபாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிமை முறை முடிவுக்கு வந்தது 1886இல்தான். அளந்து போட்ட தீனியை அந்த மக்கள் பூண்டும் சீரகமும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சேர்த்து விரும்பி உண்ணும் உணவாக மாற்றினார்கள். ஒரு நாட்டின் சமையல் என்று நாம் கொண்டாடுவதன் அடியில் இந்த உழைப்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அந்தத் தட்டின் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தது. மரவள்ளி மண்ணின் பழங்குடிகளாகிய தாய்னோ மக்களின் பயிர். வாழை ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா, கானரித் தீவுகள் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்தது. 1516இல் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் அதைப் பக்கத்துத் தீவான இஸ்பானியோலாவில் நட்டதாகப் பழைய குறிப்பு சொல்கிறது. அரிசியும் கரும்பும்கூட ஆசியப் பயிர்கள். எதிர்த்திசையில், போர்த்துக்கீசியர் கைவழியாக மரவள்ளி நம் பக்கம் வந்து, பின்னால் சேலத்து ஜவ்வரிசியாயிற்று. கியூப அறிஞர் ஃபெர்னாந்தோ ஒர்த்திஸ் தம் நாட்டை அஹியாகோ என்ற கிழங்கும் இறைச்சியும் கலந்த குழம்புக்கு ஒப்பிட்டது புகழ்பெற்ற கருத்து. அவர் அதை எழுதியது 1940இல். அதே ஆண்டில் வந்த புகையிலையும் சர்க்கரையும் பற்றிய அவருடைய நூல்தான், பண்பாடுகள் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும் முறையைப் பேசுவதற்கான ஒரு புதிய கலைச்சொல்லை மானிடவியலுக்குத் தந்தது.

இப்போது சீனர்களிடம் வருவோம். அடிமை வணிகத்துக்கு எதிர்ப்பு வலுத்தபோது தோட்ட முதலாளிகள் சீனாவின் தென்கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவித்தார்கள். 1847இல் முதல் கப்பல் வந்தது. 1874 வரை ஏறத்தாழ ஒண்ணேகால் லட்சம் பேர் வந்திறங்கினார்கள். எட்டு ஆண்டு ஒப்பந்தம், மாதம் 4 பெசோ கூலி, உப்பிட்ட இறைச்சியும் கிழங்கும் படி. அதே காலத்தில்தான் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தமிழர்கள் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புக் காடுகளுக்குப் போனார்கள். அவையும் கியூபாவைப் போலவே கரீபியத் தீவுகள். கியூபாவில் சீனர்கள் பட்ட பாட்டை விசாரிக்க 1874இல் சீன அரசே ஒரு குழுவை அனுப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களை அந்தக் குழு பதிவு செய்தது. சாட்டையடி, பட்டினி, தற்கொலை என்று நீளும் அந்த ஆவணத்தைப் படிக்க நெஞ்சுரம் வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்து விடுதலையான சீனர்களிடம் நிலம் இல்லை, முதல் இல்லை. இரண்டு கையும் ஓர் அடுப்பும் இருந்தால் தொடங்கக்கூடிய தொழில்களில் அவர்கள் இறங்கினார்கள்: காய்கறிக் கூடை, சலவைக் கடை, சோற்றுக் கடை. ஹவானாவின் சான்ஹா தெருவில் 1858இல் சீனர் ஒருவர் சிறு சோற்றுக் கடை வைத்ததிலிருந்து அங்கே சீனர் தெருக்களின் கதை தொடங்குகிறது. இத்தகைய கடைக்கு ஃபோண்டா என்று பெயர். சீனன் நடத்தும் ஃபோண்டா என்றால் ஹவானாவில் மலிவு என்று பொருள். சமைத்தது சீன உணவு மட்டுமல்ல. துறைமுகத் தொழிலாளியும் சுருட்டுத் தொழிலாளியும் கேட்ட கியூபச் சோறும் பீன்ஸும்தான் பெரும்பங்கு. அங்கே 'ஊனா கொம்ப்ளேத்தா' என்று கேட்டால் சோறு, பீன்ஸ், ஒரு கறி, கிழங்கு அல்லது வாழைக்காய் எல்லாம் அடங்கிய முழுச்சாப்பாடு ஒரே விலையில் வரும். வேறு வேறு இனத்து ஏழைகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. கியூபச் சமையல் தேசியச் சமையலானது மாளிகைகளின் விருந்து மேசையில் என்று நான் நம்பவில்லை. அது இந்தப் பலகைகளில் நடந்தது.

1959 புரட்சிக்குப் பிறகு, குறிப்பாகக் கடைகள் அரசுடைமையானபோது, இந்தச் சீனக் கியூபர்களில் பலர் இரண்டாம் முறையாகப் புலம்பெயர்ந்து நியூயார்க் வந்தார்கள். 'சீன, கிரியோல் உணவுகள்' என்று ஸ்பானிஷில் எழுதிய பலகைகள் 1970களில் மன்ஹாட்டன் முழுவதும் தொங்கின. இக்கடைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் லோக் சியு, லத்தீன் அமெரிக்கச் சீனர்களும் அங்கிருந்து வந்த மற்றவர்களும் சந்தித்துக்கொள்ளும் இடங்களாக அவற்றைப் பார்க்கிறார். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். ஹவானாவின் ஃபோண்டா ஹவானாவில் மூடப்பட்ட பிறகு, அது அப்படியே உயிரோடு இருந்த இடம் நியூயார்க். லா கரிதாத்தின் தட்டைக் கலப்பு என்கிறவர்கள், ஹவானாவில் ஒரு நூற்றாண்டுக் காலம் அந்தத் தட்டு அப்படித்தான் இருந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

மயாமியின் கதை அதிகம் சொல்லப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால் போதும். 1965 முதல் 1973 வரை கியூபாவிலிருந்து நடந்த விமானப் பயணங்களில் மட்டும் மூன்று லட்சம் பேரளவில் வந்தார்கள். 1980இல் மரியேல் துறைமுகம் வழியாக ஒண்ணேகால் லட்சம் பேர். கணவனும் மனைவியும் தொழிற்சாலைக்குப் போன வீடுகளுக்கு, அடுக்குப் பாத்திரங்களில் சோறும் பீன்ஸும் கறியும் கொண்டுவந்து தரும் 'கந்தீனா' வழக்கம் அங்கே பரவியது. கடையின் பக்கச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்து காப்பி விற்கும் வெந்தனீத்தாவும் அப்படியே. 1971இல் எட்டாம் தெருவில் வெர்சாய் உணவகத்தைத் தொடங்கிய ஃபெலிப்பே வால்ஸ் இந்த ஜன்னல் வழக்கத்தைப் பரப்பியவராகப் போற்றப்படுகிறார். ஒரு கொலாதா வாங்கினால் ஒரு கோப்பைக் காப்பியோடு நாலைந்து குட்டிக் குவளைகளும் தருவார்கள். அது தனியாகக் குடிப்பதற்கானது அல்ல, வேலை இடத்துக்குக் கொண்டுபோய்ப் பகிர்வதற்கானது. ஹவானாத் தெருவோரத்தில் விற்ற ஃப்ரீத்தா என்ற இறைச்சி வடை பன், மெல்லிய உருளைக்கிழங்குச் சீவலோடு, மயாமியில்தான் பிழைத்துக்கிடக்கிறது. ஏனென்றால் 1968 மார்ச்சில் கியூப அரசு எஞ்சியிருந்த சிறு கடைகளையும் தள்ளுவண்டிகளையும் உட்பட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் தொழில்களை ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டது. ஏழையின் சாப்பாட்டுக் கடை அன்றோடு தெருவிலிருந்து மறைந்தது. புரட்சி எழுத்தறிவும் மருத்துவமும் தந்ததை மதிக்கிற நான், இந்த முடிவைப் பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

தீவுக்குள் என்ன நடந்தது? 1962இல் பங்கீட்டு அட்டை வந்தது; லிப்ரெத்தா என்பார்கள். அரிசி, பீன்ஸ், சர்க்கரை, எண்ணெய், நாளுக்கு ஒரு ரொட்டி. காப்பியும் உண்டு, ஆனால் வறுத்த பட்டாணித் தூள் கலந்தது. சிக்கரி கலந்த காப்பிக்குப் பழகிய நமக்கு இது புரியும்: பஞ்சத்தில் தொடங்கிய கலவை பிறகு நாக்கின் பழக்கமாகிவிடும். தூய காப்பிக் கொட்டையில் போடும் மயாமிக் காப்பி அசலா, பட்டாணி கலந்த ஹவானாக் காப்பி அசலா என்று யாராவது கேட்டால், கியூபாவில் பிறந்து அங்கேயே வாழ்கிறவர் நாள்தோறும் குடிப்பது இரண்டாவதைத்தான்.

சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபோது கியூபா தன் அயல்நாட்டு வணிகத்தில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. அடுத்த சில ஆண்டுகளைச் 'சிறப்புக் காலம்' என்று அரசு பெயரிட்டது. மக்களின் உணவில் கலோரி அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. 1992, 93இல் ஐம்பதாயிரம் பேருக்கும் மேல் பார்வை நரம்பும் கைகால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. ஊட்டச்சத்துக் குறைவே அதன் முக்கியக் காரணம். வீடுகளில் பம்பளிமாஸ் வகைப் பழத்தின் தடித்த தோலை ஊறவைத்து, மசாலா தடவி, இறைச்சித் துண்டு போலப் பொரித்துத் தின்றார்கள். தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் சமையல் சொல்லித் தந்த நித்ஸா வில்யபோல், ஒரு சமையற்குறிப்புக்கு என்ன பொருள் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இருக்கும் பொருளில் என்ன சமைக்கலாம் என்று கேட்கும் முறைக்கு மாறினார். நாடுவிட்டுப் போனவர்கள் அவருடைய பழைய பதிப்புகளைப் பத்திரமாக எடுத்துச் சென்றார்கள்; அங்கேயே இருந்தவர்கள் அவருடைய புதிய குறிப்புகளைப் பார்த்துச் சமைத்தார்கள். ஒரே ஆசிரியை, இரண்டு கியூபாக்கள். இரண்டில் ஒன்றை மட்டும் அசல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த நெருக்கடியில்தான் வீட்டு உணவகங்கள் மீண்டும் தலைதூக்கின. அப்போது கியூபா முழுக்கப் பார்த்த பிரேசில் தொடரான 'வாலே துதோ'வில் நாயகி தொடங்கும் உணவகத்தின் பெயர் பலதார். மக்கள் அதையே இவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். 1993இல் சுயதொழிலுக்கு அனுமதி தந்த அரசு, சில மாதங்களிலேயே இவற்றைத் தடுத்து, 1995இல் மறுபடி அனுமதித்தது. பன்னிரண்டு நாற்காலிக்கு மேல் போடக் கூடாது; குடும்பத்தார் தவிர வேறு யாரும் வேலை செய்யக் கூடாது; மாட்டிறைச்சியும் சிங்கி இறாலும் பரிமாறக் கூடாது. இந்த விதிகள் தளர்ந்தது 2010க்குப் பிறகு. அப்போது இன்னொரு பிளவு வந்தது. டாலர் வைத்திருக்கும் பயணிக்காக ஒரு வகைப் பலதார். பெசோவில் சம்பளம் வாங்கும் அக்கம்பக்கத்தாருக்காக இன்னொரு வகைக் கடை. ஓவியங்கள் மாட்டி, மெழுகுவத்தி ஏற்றி, சிங்கி இறால் பரிமாறும் முதல் வகையைத்தான் பயண நூல்கள் அசல் என்று புகழ்கின்றன. அங்கே ஒரு வேளை உணவு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு எட்டாக் கனி.

இரண்டாம் வகைக்கு வாருங்கள். வீட்டு வாசலில், ஜன்னல் கம்பிக்கு அப்பால் ஒரு பெண் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். கஹீத்தா என்ற அந்தப் பெட்டிக்குள் பீன்ஸோடு சேர்த்துச் சமைத்த சோறு, ஒரு துண்டு பன்றிக்கறி, கொஞ்சம் வெள்ளரி அல்லது முட்டைக்கோசு, மேலே ஒரு துண்டு மரவள்ளி. கரண்டி இருக்காது, பெட்டி மூடியின் ஒரு மூலையைக் கிழித்து அதையே கரண்டியாக்கி நடைபாதையில் நின்றபடி சாப்பிடுவார்கள். பக்கத்துக் கடையில் தடித்த சிறு பீட்சாவைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பயணிகள் அதைக் கண்டு இது இத்தாலியப் பண்டமாயிற்றே என்று முகம் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் சிறப்புக் காலத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறைக்குத் தெருத் தீனி என்றால் முதலில் நினைவுக்கு வருவதில் அந்தப் பீட்சாவும் ஒன்று.

மானிடவியலாளர் ஹன்னா கார்த், சந்தியாகோ தெ கூபா நகரக் குடும்பங்களோடு பழகி எழுதிய நூல் 2020இல் வந்தது. 'கண்ணியமான சாப்பாடு' ஒன்றைத் தேடி மக்கள் படும் அன்றாட அலைச்சல்தான் அதன் பொருள். வயிறு நிரம்புவது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. சோறு, பீன்ஸ், இறைச்சி, கிழங்கு, கொஞ்சம் பச்சைக் காய் என்று தட்டு அமைந்தால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. இதில் ஒன்று குறைந்தால் குடும்பத் தலைவி அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்கிறாள். ஃபோண்டாவின் கொம்ப்ளேத்தாவும் கார்த் காட்டும் கண்ணியமான சாப்பாடும் ஏறக்குறைய ஒரே தட்டு. அசல் எது என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் அந்தத் தட்டுத்தான்: ஒரு தொழிலாளி தன் ஒரு நாள் கூலியில் சிறு பங்கைக் கொடுத்து அதை முழுதாக வாங்க முடிகிறதா?

இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் விசித்திரமான ஒரு முடிவு வருகிறது. ரோபா வியேஹா கியூபாவின் தேசிய உணவுகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மாட்டின் அடிவயிற்றுக் கறியை வேகவைத்து, அந்தச் சாற்றை வேறு குழம்புக்கு எடுத்துக்கொண்டு, சத்துப்போன கறியை நாராகப் பிய்த்துத் தக்காளி, வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கி மறுபடி ஒரு வேளைக்கு ஆக்கும் சிக்கனச் சமையல் அது. ஆனால் கியூபாவில் பல பத்தாண்டுகளாக அரசு அனுமதியின்றி மாட்டை அறுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2021இல்தான் விதி கொஞ்சம் தளர்ந்தது. அதனால் ஹவானாப் பலதார்களில் ரோபா வியேஹா ஆட்டுக்கறியில் வருகிறது. பழைய முறைப்படி மாட்டுக்கறியில், சாதாரண விலையில் வேண்டுமென்றால் மயாமிக்கோ நியூஜெர்சியின் யூனியன் சிட்டிக்கோ போக வேண்டும். ஏழையின் சமையலாகிய அது தன் ஊரில் எட்டாத பொருளாகி, அயலூரில் எளியவர் தட்டில் இருக்கிறது.

பீன்ஸ் மட்டும் எங்கும் மாறவில்லை. கறுப்பு பீன்ஸை இரவு ஊறவைத்து, குடைமிளகாயோடு வேகவிட்டு, பூண்டும் வெங்காயமும் வதக்கிய சோஃப்ரிதோவைக் கொட்டி, சீரகம், ஒரேகானோ, பிரிஞ்சி இலை, கடைசியில் சிறிது வினிகரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும். மறுநாள் வைத்துச் சாப்பிட்டால் குழம்பு இறுகி ருசி கூடும். அதைத் 'தூங்கிய பீன்ஸ்' என்பார்கள். இதற்கு வேண்டியதெல்லாம் நேரமும் எரிபொருளும். 2005ஆம் ஆண்டு மகளிர் தினத்தில் ஃபிதெல் காஸ்த்ரோ நீண்ட உரையொன்றில் வீட்டுக்கு வீடு பிரஷர் குக்கரும் மின்சார ரைஸ் குக்கரும் தரப்போவதாக அறிவித்தது இந்தப் பின்னணியில்தான். 2024 அக்டோபரில் நாட்டின் மின்கட்டமைப்பே செயலிழந்தபோது அந்தக் குக்கர்கள் பயனற்றுப்போயின. பல வீடுகளில் கரி அடுப்பும் விறகும் திரும்ப வந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் பங்கீட்டு ரொட்டியின் எடையை 80 கிராமிலிருந்து 60 கிராமாக அரசு குறைத்திருந்தது.

மலிவைப் புகழும்போது அதைச் சுமப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். சீனக் கியூபக் கடைகள் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது, குடும்பமே வாரம் முழுவதும் சம்பளக் கணக்கு பாராமல் உழைத்ததால். படித்துவிட்ட பிள்ளைகள் அடுப்படிக்குத் திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையும் இல்லை. மன்ஹாட்டனின் வாடகை ஏறியது. ஒவ்வொன்றாக அந்தக் கடைகள் மூடப்பட்டு, இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. ஹவானாவில் கஹீத்தா விற்கும் பெண்ணோ எண்ணெய்க்கும் பன்றிக்கறிக்கும் நாளுக்கு நாள் ஏறும் விலையைக் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரியில் டாலருக்கு 24 பெசோ என்று அரசு நிர்ணயித்த மதிப்பு, சில ஆண்டுகளில் வெளிச்சந்தையில் 300ஐத் தாண்டிவிட்டது. 2022, 2023 ஆண்டுகளில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபர்கள் அமெரிக்க எல்லையை வந்தடைந்தார்கள். சமைக்கத் தெரிந்த கைகளும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

கியூபாவுக்குப் போகும் வாய்ப்புள்ள வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விடுதியின் மேசையையும் மெழுகுவத்தி உணவகத்தையும் ஓரிரு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரை மணிக்கு உள்ளூர்க்காரர்கள் எந்த ஜன்னல் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்து, அந்த வரிசையில் நில்லுங்கள். பெசோவில் வாங்குங்கள், மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வாருங்கள். மயாமிக்கோ நியூயார்க்குக்கோ போகிறவர்கள் சாண்ட்விச்சோடு திரும்பிவிடாமல், அன்றைய முழுச்சாப்பாடு என்ன என்று கேட்டு, முதலில் பீன்ஸைச் சாப்பிட்டுப் பாருங்கள்.